முப்பத்தோராம் பெட்டி

ஆனந்தராசாவைப் பற்றிச் சொல்லச் சொல்லி ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை. கேட்டிருந்தாலும் நான் அதுக்குத் தகுந்த ஆள் இல்லை. ஆனால் இந்த மொன்றியலிலை அவனைப் பற்றி முழுசாத் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர். ஒண்டு நான், மற்றது என்ரை மனிசி மாக்கிரட். அவ இந்தக் கதையைத் துவங்கினாலே எழும்பிக் குசினிக்குள்ளை போயிடுவா. ஆனபடியால் நான்தான் சொல்லோணும். என்ரை பேர் இரவிச்சந்திரன். டோர்வல் விமான நிலையத்திலை முப்பத்தாறு வருஷம் பெட்டி ஏத்தி இறக்கி, போன வருஷம் ஓய்வெடுத்தவன்.

ஆனந்தராசா தொண்ணூத்திமூண்டு மார்கழியிலை புஷ்பராணியோடை வந்து இறங்கினான். எனக்குத் தூரத்துச் சொந்தம். கார்ட்டியர்வில்லிலை எங்கடை வீட்டுக்குக் கீழை, பேஸ்மென்றிலை இருந்தினம். யாழ்ப்பாணத்திலை அவன் ஒரு பல் டொக்டரிட்டைப் பல் செட் செய்து குடுக்கிற வேலை செய்தவன். சாந்து குழைக்கிறது, வாய்க்குள்ளை அச்செடுக்கிறது, மெழுகிலை பல்லுச் செதுக்கிறது. "அண்ணை, சிரிச்சால் கட்டின பல்லோ சொந்தப் பல்லோ எண்டு பத்தடி தள்ளி நிண்டு சொல்லுவன்" எண்டு பெருமை அடிப்பான். அந்தப் பெருமை ஒண்டுதான் கொண்டு வந்த சாமான்.

அவன்ரை அகதி வழக்கு முதல் தரம் தோத்துப் போச்சு. அப்பீல் போட்டுக் கிடந்துது. வேலை செய்ய அரசாங்க நம்பர் ஒண்டு வேணும். அவனுக்கு இல்லை, எனக்கு இருந்துது. அந்த நம்பர் அடிச்ச என்ரை காட் அட்டையைக் குடுத்தன். எங்களுக்குள்ளை அப்பிடி நடந்தது ஒண்டும் புதுசில்லை. நான் டோர்வலிலை இரவிச்சந்திரன். அவன் கால்வாய்க் கரையிலை ஒரு சிலை செய்யிற பட்டறையிலை இரவிச்சந்திரன். ஒரே நம்பரிலை ரெண்டு பேர் வேர்வை சிந்தினம்.

பட்டறை, ஓடில் தெஸ்ரோ எண்டு பேர் கொண்ட ஒரு வெள்ளைக்கார அம்மாவின்ரை. படம் கீறுவா, ஆனால் பேர் எடுத்தது பொது இடத்து நினைவுச்சின்னங்களாலை. வெள்ளையெண்டாலும் மனிசி பத்துச் சொல்லுக்கு மேலை கதையாது. இவனுக்கும் தெரிஞ்ச பிரெஞ்சு பத்துச் சொல்லுத்தான். சாந்து, தண்ணி, கெதியா, மெர்சி. ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருந்திப் போச்சு. கூட்டித் துடைக்கத்தான் சேர்த்தவ. ரெண்டாம் கிழமையே இவன் வெடிச்ச அச்சொண்டை ஒட்டிக் குடுக்க, தும்புத்தடியை வாங்கி மூலையிலை வைச்சிட்டாவாம். "ரவி, ரவி" எண்டு கூப்பிடுவாவாம். வேலையாலை வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு நல்ல பேர் வாங்கித் தந்திருக்கிறன்."

தொண்ணூத்தஞ்சிலை ஓடிலுக்குப் பெரிய வேலை ஒண்டு கிடைச்சுது. லாசாலிலை, ஆத்துக்கரைப் பூங்காவிலை, தையல் தொழிற்சாலைப் பெண்களுக்கு ஒரு நினைவுச்சின்னம். நீளமான மேசை ஒண்டு, அதிலை பன்னிரண்டு சோடிக் கைகள். முகமும் இல்லை, உடம்பும் இல்லை. துணி பிடிக்கிற கை, நூல் கோக்கிற கை, சும்மா களைச்சுக் கிடக்கிற கை. உண்மையா வேலை செய்த பொம்பிளையின்ரை கை வேணும் எண்டு அவ சொல்ல, இவன் புஷ்பராணியைக் கூட்டிக்கொண்டு போனான்.

புஷ்பராணி சபனெல் தெருவிலை தையல் தொழிற்சாலையிலை களிசானுக்குச் சிப் தைக்கிறவ. ஒருநாள் மெசின் ஊசி வலது கைச் சின்ன விரலுக்குள்ளாலை போய், நகம் நடுவாலை பிளந்து ரெண்டாத்தான் வளர்ந்தது. விரலும் கொஞ்சம் வளைஞ்சிட்டுது. "இந்தச் சப்பட்டைக் கையையோ அச்செடுக்கப் போறியள்?" எண்டு வெக்கப்பட்டா. பன்னிரண்டு சோடிக்கும் அவவின்ரை கைதான், நாலு ஞாயிற்றுக்கிழமை போனவ. கையிலை வாஸ்லின் பூசி, சாந்துக்குள்ளை வைச்சு, அசையாமல் இருக்கோணும். சாந்து இறுகேக்கை சூடாகும். "இஞ்சாருங்கோ, சுடுது, இஞ்சாருங்கோ" எண்டு சத்தம் போட்டுச் சிரிச்சாவாம். ஓடிலும் அந்த "இஞ்சாருங்கோ"வைப் பிடிச்சுக்கொண்டு இவனை ஒருநாள் அப்பிடிக் கூப்பிட்டவவாம். புருஷன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடாத பழக்கம் இருந்தபடியால்தான் எங்கடை பொய் அண்டைக்குத் தப்பிச்சுது.

பன்னிரண்டு சோடியையும் அச்செடுத்து, மெழுகிலை திருத்தி, வெண்கலம் உருக்கி வாக்கக் குடுக்கும்வரை எல்லாம் ஆனந்தராசாதான். ஓடிலுக்கு அப்பவே கை நடுங்கத் துவங்கியிட்டுது. பிளந்த நகத்தை ஒட்டிவிடவோ எண்டு இவன் சைகையிலை கேக்க, அவ "வேண்டாம், வேண்டாம், அதுதான் வேணும்" எண்டு தலையை ஆட்டினாவாம்.

தொண்ணூத்தேழிலை அவன்ரை வழக்கு வெண்டுது. சொந்தப் பேரிலை நம்பர் வந்துது. நாங்கள் கோழி வெட்டிக் கொண்டாடினம். அடுத்த நாள் இவன் என்ன செய்தான் தெரியுமோ? பட்டறைக்குப் போகேல்லை. ரவி எப்பிடி ஒரே இரவிலை ஆனந்தராசாவா மாறினான் எண்டு பத்துச் சொல்லிலை சொல்லேலாது எண்டான். சொன்னால் என்னை மாட்டிவிடுறதா முடியும் எண்டும் பயந்தான். ஓடில் எங்கடை வீட்டுக்கு ரெண்டு மூண்டு தரம் போன் எடுத்தவ. மாக்கிரட்தான் "ரவி ஊர் மாறிப் போட்டார்" எண்டு சொல்லி வைச்சா. என்னைக் காப்பாத்த அவன் விட்ட வேலை அது. அதுக்குப் பிறகு லாசாலிலை ஒரு தொழிற்சாலையிலை சவர்க்காரப் போத்திலுக்கு மூடி போட்டான். இருபத்திரண்டு வருஷம். சாந்து மணந்த கை சவர்க்காரம் மணந்துது.

பிள்ளையள் இல்லை. ரெண்டாயிரத்துப் பதினைஞ்சிலை புஷ்பராணி புற்றுநோயிலை போயிட்டா. ஒவ்வொரு சனிக்கிழமையும் இவன் ஒரு சின்ன வாளியும் பல்லுத் துலக்கிற பிரஷ்சும் கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போவான். குருவி எச்சத்தைக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் தேய்ச்சுத் துடைச்சிட்டு வருவான். நகரசபை ஆக்கள் அவனை ஆரோ விசரன் எண்டு நினைச்சிருப்பாங்கள்.

இருபத்திமூண்டு மாசி மாசம் எங்கடை வீட்டுக்கு ஒரு போன் வந்துது. ஜெனவியேவ் எண்டு ஒரு பிள்ளை. ஓடில் தெஸ்ரோவுக்கு இப்ப எண்பத்திநாலு வயசு, முதியோர் இல்லத்திலை, ஆளையே மட்டுக்கட்ட மாட்டாவாம். அவவின்ரை படம், அச்சு, கடிதம், நினைவுச்சின்ன வரைபடம் எல்லாத்தையும் பட்டியல் போட்டு ஆவணக் காப்பகமாக்கிற வேலையாம். நாப்பத்தாறு பெட்டி. அச்சுகளிலை பாதி என்னெண்டே விளங்கேல்லையாம். "சம்பளக் கடுதாசியிலை உங்கடை பேர் கிடக்கு, மிசியே ரவி. வந்து உதவி செய்வியளோ?"

ஆள் மாறிப்போச்சு எண்டு போனை வைச்சிருக்கலாம். சம்பளக் கடுதாசியிலை கிடக்கிற நம்பர் என்ரை நம்பர், எப்பிடி வைக்கிறது? ஆனந்தராசாவுக்குச் சொன்னன். எத்தினை பெட்டி எண்டு கேட்டான். பிறகு, "ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை. நானும் பக்கத்திலை நிக்கிறன். அந்தக் கையளின்ரை சாந்து அச்சு அதுக்குள்ளை கிடக்கும். ஒருக்காப் பாத்தாப் போதும்" எண்டான். அதோடை நிக்கேல்லை. "அதிலை அவளின்ரை பேரைப் பதிஞ்சுவிடுவினமெண்டால் எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

போனம். ஜெனவியேவ் அவனைப் பாத்து "இவர்?" எண்டு கேட்டா. "எனக்கு நாரி நோ, குனியேலாது. பெட்டி தூக்கித் தர வந்த சிநேகிதன்" எண்டு சொன்னன். பெட்டி தூக்க வந்தவனாம்! அந்தப் பட்டறையிலை அவன் தொடாத சாமான் ஒண்டு இல்லை.

வேலை எப்பிடியெண்டால், ஜெனவியேவ் வெள்ளைக் கையுறை போட்டு ஒவ்வொண்டா எடுப்பா. நம்பர் குத்துவா, அளவுகோல் வைச்சுப் படம் எடுப்பா, கொம்பியூட்டரிலை கட்டம் கட்டமா நிரப்புவா. என்ன பொருள், எந்த ஆண்டு, எதிலை செய்தது, ஆர் செய்தது. பேந்து சாம்பல் நிறப் பெட்டிக்குள்ளை மெல்லிசுக் கடுதாசி சுத்தி வைப்பா. ஆனந்தராசா எனக்குப் பின்னாலை நிண்டு தமிழிலை சொல்லுவான். "அண்ணை, அதைத் தலைகீழாப் பிடிக்கிறா. அது மணியின்ரை கைபிடி. கியூபெக் சிட்டித் தேவாலயத்துக்குச் செய்தது. முதல் வாத்தது வெடிச்சுப்போச்சு, இது ரெண்டாவது." நான் அதைப் பிரெஞ்சிலை, "இது நான் செய்த மணிக் கைபிடி" எண்டு சொல்லுவன். ஜெனவியேவ் "உங்கடை ஞாபகசக்தி அபாரம், மிசியே ரவி" எண்டுவா. பட்டறையிலை எடுத்த பழைய படங்களிலை அவன்ரை முதுகு மட்டும்தான் கிடந்துது. கமராவைக் கண்டால் திரும்பி நிண்ட ஆள். "அப்ப உங்களுக்கு எவ்வளவு தலைமயிர்!" எண்டு அவ சிரிக்க, நானும் சிரிச்சன்.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். மூண்டாம் நாள் எனக்கு அது பிடிச்சுப் போச்சு. முப்பத்திநாலு வருஷம் மற்றவன்ரை பெட்டியைத் தூக்கி எறிஞ்சவனை ஒரு படிச்ச பிள்ளை "கலைஞரின்ரை வலது கை" எண்டு கூப்பிட்டால் ஆருக்குத்தான் நெஞ்சு நிமிராது? அவன் சொல்லாததையும் சேத்துச் சொல்லத் துவங்கினன். பின்னாலை நிண்டவன் அடுத்த பெட்டியை இறக்கி வைச்சான்.

எட்டாம் நாள் முப்பத்தோராம் பெட்டி. மூடியைத் திறக்க ஆனந்தராசா மூச்சை உள்ளுக்கு இழுத்தது எனக்குக் கேட்டுது. சாந்துக் கைகள், மஞ்சள் பூத்துப்போய்க் கிடந்துது. ஜெனவியேவ் ஒண்டை எடுத்து வெளிச்சத்திலை பிடிக்க, சின்ன விரலிலை அந்தப் பிளந்த நகம். அதோடை ஓடிலின்ரை கையெழுத்திலை ஒரு துண்டு: "ரவியின் மனைவியின் கைகள். அச்சும் மெழுகும் முழுக்க ரவி. நான் ஒன்றும் தொடவில்லை."

பாருங்கோ, அந்த அம்மா நேர்மையான மனிசி. எல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கிறா. பேர்தான் பிழை.

ஜெனவியேவ் என்னைப் பாத்துக் கண் கலங்கி, "உங்கடை மனைவியின்ரை பேர் என்ன, மிசியே ரவி? பதியோணும்" எண்டு கேட்டா.

பின்னாலை இருந்து மெல்லிசா வந்துது. "புஷ்பராணி எண்டு சொல்லுங்கோ அண்ணை."

அவ்வளவுதான் அவன் கேட்டது. என்ரை பேர் என்ரை பேராவே இருக்கலாம், அவன்ரை வேலை என்ரை வேலையாவே இருக்கலாம், அவள் என்ரை மனிசியாவே இருக்கலாம். அவளின்ரை பேரைச் சொன்னாப் போதும். சின்னப் பேர் இல்லைத்தான், ஆனால் சொல்லேலாத பேரோ?

நான் "மாக்கிரட்" எண்டு சொன்னன்.

அவனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு அவன்ரை செத்த பெஞ்சாதியை என்ரை மனிசி எண்டு சொல்ல என்ரை வாய் கூசிப்போச்சு எண்டு பிறகு எனக்கு நானே சொல்லிப் பாத்தன். படத்தை இணையத்திலை போட மனிசியின்ரை கையெழுத்து வேணும், பொய் பிடிபடும், டோர்வலிலை உள்ளுக்குப் போற என்ரை அனுமதி அட்டையை, அந்தப் பாசைப் பறிச்சுப்போடுவாங்கள் எண்டும் சொன்னன். உந்தக் காரணமெல்லாம் வீட்டை வந்தாப் பிறகு தேடி எடுத்தது. அந்த நேரம் எனக்குள்ளை இருந்தது ஒண்டுதான். அந்தப் பிள்ளை கண் கலங்கி என்னைப் பாத்துது, நான் அந்த ஆளாகவே நிக்க விரும்பினன்.

"ஓ, மாக்கிரட்! லேசான பேர்" எண்டு சொல்லி ஜெனவியேவ் அடிச்சுப் பதிஞ்சா. ஆனந்தராசா முன்னுக்கு வந்தான். அவவின்ரை கையிலிருந்த சாந்துக் கையைக் கேளாமலே வாங்கினான். கையுறை கூட இல்லை. கடுதாசி சுத்தி, பெட்டிக்குள்ளை வைச்சு, மூடியைச் சாத்தினான். என்னைப் பாக்காமல் கோட்டைப் போட்டுக்கொண்டு போயிட்டான்.

மிச்சம் பதினைஞ்சு பெட்டிக்கும் அவன் வரேல்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னன். குதிரைக் காது எண்டு நான் பதிய வைச்சது குதிரைக் காதோ செருப்பு நுனியோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

பேந்து ரெண்டு தரம் போன் எடுத்தான். கோவப்படேல்லை. "அண்ணை, ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடுங்கோ. என்ரை பேர் வேண்டாம். அவளின்ரை பேரை மட்டும் மாத்திவிடச் சொல்லுங்கோ." நான், "பேந்து பாப்பம் ஆனந்தன், ஓய்வெடுக்க இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு, வேலைக்குப் பிரச்சினை வரும்" எண்டன். ரெண்டாந் தரமும் அதையே சொன்னன். மூண்டாந் தரம் அவன் எடுக்கேல்லை.

ஆனி மாசம் அந்தப் பூங்காவிலை சின்ன விழா வைச்சினம். காப்பகத்தை இணையத்திலை திறக்கிற நாள். மாக்கிரட்டுக்கு அழைப்பு வந்துது. கடிதத்தை வாசிச்சிட்டு என்னைப் பாத்தா. "இது புஷ்பாவின்ரை கை எல்லே? என்ன கோதாரி வேலை பாத்து வைச்சிருக்கிறியள்?" எண்டா. வரமாட்டன் எண்டு மூண்டு நாள் கதைக்கேல்லை. வேலை போயிடும், பாஸ் போயிடும் எண்டு மண்டாடிக் கூட்டிக்கொண்டு போனன். ஒண்டும் தெரியாத எங்கடை மகள் தனுஷா, தான் பிறக்க முதல் நடந்தது எண்டு நம்பி, பிரெஞ்சிலை ஒரு பேச்சும் பேசினாள். "என் அம்மாவின் கைகள் இந்த நகரத்தைத் தைத்தன" எண்டு. என்ரை மாக்கிரட் ஆயுளுக்கும் பட்டன் கூடத் தைச்சதில்லை. வீட்டிலை பிள்ளை பாக்கிற கார்தெரி நடத்தினவ.

வெண்கலக் கைகள் பளபளவெண்டு கிடந்துது. நகரசபை ஆள் ஒருத்தர், "நல்லாப் பராமரிச்சிருக்கினம்" எண்டு தங்களைத் தாங்களே மெச்சினார். விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமைக்குக் காத்திராமல் அவன் வந்து தேய்ச்சிருக்கிறான். ஆருக்காகத் தேய்ச்சான், ஏன் தேய்ச்சான், எனக்குக் கேக்க வாயில்லை.

படம் எடுக்க மாக்கிரட்டின்ரை கையை வெண்கலக் கையிலை வைக்கச் சொல்லிச்சினம். வைச்சா. பிளந்த நகத்துக்கு மேலை அவவின்ரை வழுவழுத்த விரல். கண்ணிருந்த ஒருத்தரும் பாக்கேல்லை. அப்ப அவ நிமிர்ந்து பாத்தா. சைக்கிள் பாதைக்கு அங்காலை, மரத்தடியிலை ஆனந்தராசா நிண்டான். மாக்கிரட் விக்கி விக்கி அழத் துவங்கினா. படம் பிடிக்கிறவனுக்குச் சந்தோசம். அந்தப் படம்தான் இப்ப காப்பகத்தின்ரை முதல் பக்கம்.

அண்டையிலையிருந்து மாக்கிரட் எனக்குத் தேத்தண்ணியைக் கையிலை தாறேல்லை. மேசையிலை வைச்சிட்டுப் போவா.

போன வருஷம் டோர்வலிலை பாசைத் திருப்பிக் குடுத்தன். அடுத்த கிழமையே ஜெனவியேவிட்டைப் போய் எல்லாத்தையும் கக்கினன். காட், பட்டறை, புஷ்பராணி, ஒண்டையும் ஒளிக்கேல்லை. பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுது. ஏசேல்லை. "திருத்தலாம், மிசியே. ஆனால் உங்கடை சொல்லு மட்டும் காணாது, முதல் நீங்கள் சொன்னதும் உங்கடை சொல்லுத்தானே. மிசியே ஆனந்தராசா வந்து ஒரு கையெழுத்து வைச்சால், நான் அண்டைக்கே மாத்துறன்" எண்டுது.

நெஞ்சிலை இருந்த பாரம் இறங்கின மாதிரி லாசாலிலை ஆனந்தராசாவின்ரை வீட்டுக்கு ஓடினன். கதவைத் திறந்தான். இருக்கச் சொன்னான். தேத்தண்ணியும் தந்தான். நான் எல்லாத்தையும் சொல்லி, படிவத்தையும் பேனையையும் அவனுக்கு முன்னாலை வைச்சன்.

அவன் வாசிச்சுக்கூடப் பாக்கேல்லை.

"உங்களுக்கு இப்ப ஓய்வோ அண்ணை?"

"ஓம்."

"பாஸ் குடுத்திட்டியளோ?"

"ஓம்."

"அப்ப உங்களுக்கு இனி ஒண்டும் போகாது." படிவத்தை மெல்லமா என்ரை பக்கம் தள்ளினான். "நாலு வருஷம் உங்கடை பேரிலை உழைச்சுத்தான் அவளுக்குச் சோறு போட்டனான். அதை நான் மறக்கேல்லை. அதாலைதான் அண்டைக்குப் பெட்டியை மூடிப்போட்டு வந்தனான், இல்லாட்டி அந்த இடத்திலையே கத்தியிருப்பன். ரெண்டு தரம் போன் எடுத்துக் கெஞ்சினன். இப்ப நான் இதிலை கையெழுத்து வைச்சால் என்ன எழுதுவினம்? முதல் இவள் இன்னொருத்தன்ரை மனிசி, பேந்து இல்லையாம், கள்ளக் காட்டாம், விசாரிச்சுப் பாத்ததாம். அவள் தன்ரை கை சப்பட்டை எண்டு வெக்கப்பட்டவள் அண்ணை. அவளைத் திருப்பியும் ஊர்வாயிலை போடமாட்டன்."

"நான் செய்தது பிழை, ஆனந்தன்."

"தெரியும். அதுக்குத்தானே கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறியள். அவளுக்காக வரேல்லை, உங்களுக்காக வந்திருக்கிறியள்." எழும்பிக் கதவைத் திறந்து விட்டான். "அது உங்கடை மனிசியின்ரை கை. இருக்கட்டும்."

அதுக்குப் பிறகு அவன் பூங்காவுக்கும் போறேல்லை. நான் போய்ப் பாக்கிறனான். விரல் இடுக்குகளிலை எச்சம் காய்ஞ்சு கிடக்கு. ஒருநாள் வாளியும் பிரஷ்சும் கொண்டு போனன், தொட மனம் வரேல்லை, திரும்பி வந்திட்டன்.

ராவிலை இல்லை, பட்டப்பகலிலை, மாக்கிரட் கடைக்குப் போற நேரமாப் பாத்துக் கொம்பியூட்டரைத் திறக்கிறனான். அந்தக் காப்பகத்திலை ஒரு தேடுற கட்டம் இருக்கு. என்ரை பேரை அடிச்சால் இருநூத்திப் பதினாலு பொருள் வருகுது. மாக்கிரட் எண்டு அடிச்சால் பன்னிரண்டு சோடிக் கை வருகுது. புஷ்பராணி எண்டு அடிச்சால், அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுது.